ஒரு சுற்று வெட்டினால் ஸ்பிரிங் விறைக்குமா, விறைக்காதா?

கொங்கு_ஸ்விஃப்ட்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. காரின் எடையைச் சக்கரத்தின் மேல் தாங்குகிற காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் வண்டி தாழும், அவ்வளவுதான், விறைப்பு மாறாது என்கிறார். மாறும் ஐயா. அமுங்கி வேலை செய்கிற சுற்று ஐந்து இருந்து அதில் ஒன்றை எடுத்தால், அதே பாரத்துக்கு மிச்ச நாலும்தான் அமுங்கும், விறைப்பு 25 சதவீதம் கூடும்.

மதுரை_ஐ20: அந்த ஒருவர் நான்தான், நேராகவே சொல்லலாம். கம்பி அதே கம்பி, தடிமனும் அதே. எங்கிருந்து விறைப்பு வரும்? ஒன்றரைச் சுற்று வெட்டித்தான் ஓட்டுகிறேன். பள்ளத்தில் இறங்கினால் படார் என்று இடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்ததால்தானே இடிக்கிறது?

கொங்கு_ஸ்விஃப்ட்: இடிப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர், அதாவது சக்கரம் மேலே ஏறுகிற எல்லையில் இருக்கிற தடுப்பு ரப்பர். 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் அந்த 40 போய்விட்டது. கூடின விறைப்பு அதை ஈடுகட்டாது. ரப்பரில் முட்டியதும் கல்லில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எனக்கும் இதே கதைதான், கழற்றிப் பார்த்தபோது ரப்பர் நொறுங்கி, ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர்) கம்பியெல்லாம் கறுப்புத் தூளாக ஒட்டியிருந்தது.

வளைவுப்பிரியன்: இடிக்கட்டும் சார், வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறதே, அது போதாதா?

கொங்கு_ஸ்விஃப்ட்: அதுவும் நிச்சயமில்லை. மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்திருக்கிற அமைப்பு) வண்டியில் தாழ்த்தத் தாழ்த்த, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் சாய்வு மாறி, ரோல் சென்டர், அதாவது வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, பாடியைவிட அதிகமாக இறங்கிவிடும். பாடியின் எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி கூடுவதால், ஸ்பிரிங் தேவையான அளவு விறைப்பாக இல்லையென்றால் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயும்.

மதுரை_ஐ20: பேச்சை மாற்றாதீர்கள். கம்பி அதே கம்பியா இல்லையா?

கொங்கு_ஸ்விஃப்ட்: கம்பி அதேதான், நீளம் குறைந்துவிட்டது! சரி, கணக்காகவே சொல்கிறேன். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, அந்தச் சக்கரத்தில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் வண்டி நொடிக்கு சுமார் 1.4 முறை ஆடும். விறைப்பு 25 நியூட்டன் ஆனால் 1.6 முறை. அந்த ஆட்டத்தை அடக்க கம்பெனி ஷாக் போதாது, அதனால்தான் ஸ்பீடு பிரேக்கர் தாண்டியும் மூக்கு குதித்துக்கொண்டே போகிறது.

வளைவுப்பிரியன்: அப்போ ஷாக்கையும் மாற்றணுமா? எவ்வளவு ஆகும்?

மதுரை_ஐ20: போன வருஷம் டயர் காற்று விஷயத்திலும் இவர் இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். இருபது வருஷமாக ஸ்பிரிங் வெட்டுகிற மெக்கானிக் சொல்வதை நம்புவேனா, கணக்கை நம்புவேனா?

கொங்கு_ஸ்விஃப்ட்: காற்று விஷயத்தில் யார் டயர் நடுவில் தேய்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். விடுங்கள். வெட்டாத ஸ்பிரிங் ஒன்றும் வெட்டினது ஒன்றும் கொண்டு வாருங்கள், இரண்டிலும் ஒரே எடையை வைத்து, எது எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

மதுரை_ஐ20: நான் எதற்குக் கொண்டுவர வேண்டும்? சொன்னது நீங்கள், நீங்களே அளந்து படம் போடுங்கள். கம்பி அதே கம்பிதான்.

வளைவுப்பிரியன்: ஷாக் விலையை யாராவது சொல்லுங்களேன்.