ராணுவ டிரக் வாங்குவதற்கு முன் ஆர்.எஃப்.ஐ எதற்கு?

இளவேனில்:
இயந்திரவியல் படிக்கிறேன். அமெரிக்கத் தரைப்படையின் காமன் டாக்டிகல் டிரக் திட்டத்தை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். முதலில் தகவல் கேட்டு ஆர்.எஃப்.ஐ, பிறகு நிபந்தனைகளின் வரைவு, அதற்கப்புறம்தான் முன்மொழிவு கேட்கும் ஆர்.எஃப்.பி என்று நீள்கிறது. என்ன வண்டி வேண்டும் என்று ராணுவத்துக்குத் தெரியாதா? நேராக டெண்டர் விட்டால் என்ன?

அச்சாணி:
லாரி பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் டெண்டர் பிரிவில் இருக்கிறேன். என்ன வேண்டும் என்று ராணுவத்துக்குத் தெரியும். அது சந்தையில் கிடைக்குமா, எதை விட்டுக்கொடுத்தால் விலை குறையும் என்பது தெரியாது. ஆர்.எஃப்.ஐ அதற்குத்தான். அதற்குப் பதில் எழுதினால் ஆர்டர் கிடைத்துவிடாது, ஆனாலும் என்னைக் கேட்டால் கவனமாக எழுத வேண்டிய தாள் அதுதான்.

எரிபொருளையே பாருங்கள். ராணுவ வண்டி ஜே.பி-8 என்ற விமான எரிபொருளிலும் ஓட வேண்டும். அதில் கந்தகம் 3,000 பி.பி.எம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 3,000 பங்கு வரை இருக்கலாம். அமெரிக்கச் சாலை டீசலில் 15 பி.பி.எம்தான் வரம்பு. இன்றைய வணிக லாரி எஞ்சினின் புகை சுத்திகரிப்பு அமைப்பு அந்த 15-ஐ நம்பி வடிவமைக்கப்பட்டது, ஜே.பி-8 ஊற்றினால் கெட்டுப்போகும். அப்படியானால் வணிக எஞ்சினை அப்படியே எடுக்க முடியாது. இதை ஆர்.எஃப்.ஐ கட்டத்திலேயே யாராவது எழுதிச் சொன்னால் நிபந்தனையை அதற்கேற்ப எழுதலாம். டெண்டர் விட்டபின் தெரியவந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று, 60 விழுக்காடு ஏற்றம். 10 மீட்டர் முன்னே போனால் 6 மீட்டர் மேலே, அதாவது சுமார் 31 டிகிரி. படிக்க ஒற்றை வரிதான். ஆனால் அந்தச் சரிவில் எஞ்சின் ஆயில் முழுக்க, அது தேங்கும் தொட்டியான சம்ப்பின் பின்பக்கம் ஒதுங்கும்; உறிஞ்சு குழாய் முன்னால் இருந்தால் காற்றைத்தான் இழுக்கும். அந்த ஒரு வரிக்காக சம்ப்பையே மாற்ற வேண்டி வரலாம்.

இளவேனில்:
அப்போது நிறுவனங்கள் தங்கள் வண்டிக்குத் தோதாக நிபந்தனையை வளைக்கப் பார்க்காதா சார்?

அச்சாணி:
பார்க்கும். அதனால்தான் வரைவை எல்லாருக்கும் வெளியிடுகிறார்கள். நீங்கள் கேட்கும் கேள்வியும் அதற்கான பதிலும் போட்டியாளர் கண்ணிலும் படும். ஒரு கேள்வியை எழுதலாமா, எழுதினால் நம் டிசைனின் பலவீனம் வெளியே தெரிந்துவிடுமா என்று எங்கள் அறையில் நடக்கும் வாதம் சாதாரணமானதல்ல.

மலைப்பாதை:
காகிதத்தோடு முடிவதும் இல்லை. இதே திட்டத்தில் 2023 ஜனவரியில் மேக் டிஃபென்ஸ், நேவிஸ்டார் டிஃபென்ஸ், ஆஷ்காஷ் டிஃபென்ஸ், அமெரிக்கன் ரைன்மெட்டால் என நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 2.425 கோடி டாலர் கொடுத்து முன்மாதிரி வண்டிகள் கேட்டார்கள். ஜே.எல்.டி.வி என்ற இலகு ராணுவ வண்டித் திட்டத்தில் 2012-ல் மூன்று நிறுவனங்கள் தலைக்கு 22 வண்டி செய்தன. 2015-ல் ஆஷ்காஷ் வென்றது.

அச்சாணி:
ஜே.எல்.டி.வி-யின் அடுத்த கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள் இளவேனில். வண்டியின் தொழில்நுட்ப வரைபட உரிமையை ராணுவம் தன்னிடம் வைத்துக்கொண்டது. அதனால் அதே வண்டிக்கு மறுபடி போட்டி வைக்க முடிந்தது. 2023-ல் அந்த ஒப்பந்தம் ஏ.எம். ஜெனரலுக்குப் போனது. உரிமை நிறுவனத்திடமே இருந்திருந்தால், வண்டி ஓயும்வரை அவர்கள் சொன்னதுதான் விலை. ஆர்.எஃப்.பி-யில் இந்த விதியைத் தேடாமல் எஞ்சின் குதிரைத்திறனை மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கதை விட்டுப்போகும்.

மலைப்பாதை:
தோற்றவர் முறையிடுவதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சாணி:
ஆமாம். 2009-ல் எஃப்.எம்.டி.வி என்ற நடுத்தர ராணுவ டிரக் ஒப்பந்தம் ஆஷ்காஷுக்குப் போனதும், போட்டி நிறுவனங்களான பி.ஏ.இ-யும் நேவிஸ்டாரும் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ-விடம் முறையிட்டன. உற்பத்தித் திறனை மதிப்பிட்டதில் குறை இருப்பதாக ஜி.ஏ.ஓ ஏற்றது. ராணுவம் மறுபடி மதிப்பிட்டு, 2010 பிப்ரவரியில் அதே நிறுவனத்தையே உறுதிசெய்தது. மதிப்பெண் எப்படிப் போடப்போகிறோம் என்று ஆர்.எஃப்.பி-யின் 'எம்' பகுதியில் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து விலகினால் இப்படித்தான் கேள்வி வரும். நான் எந்த ஆர்.எஃப்.பி வந்தாலும் அந்தப் பகுதியை முதலில் படிப்பேன், எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் 'எல்' பகுதியை அடுத்து. வண்டியின் விவரக்குறிப்புக்கு அப்புறம்தான் வருவேன்.

இளவேனில்:
சரி சார், எரிபொருள் விஷயத்தை ஒரு தனி அத்தியாயமாக வைக்கிறேன். ஜே.பி-8-க்காக மாற்ற வேண்டியது புகை அமைப்பு மட்டும்தானா?

அச்சாணி:
எரிபொருள் பம்பையும் பாருங்கள். ஜே.பி-8-க்கு டீசல் அளவு வழவழப்பு கிடையாது, பம்ப் சீக்கிரம் தேயும்.