அலோபியூரினால் தொடங்கியதும் வலி கூடிவிட்டது, நிறுத்திவிடவா?

பனச்சமூட்டுக்காரன்:
வயது 47, ரப்பர் பால்வெட்டு வேலை. போன மாசம் நடுராத்திரி வலது கால் பெருவிரலில் வலி எழுப்பிவிட்டது, போர்வை பட்டாலே உயிர் போனது. யூரிக் ஆசிட் 9.2, கவுட் என்கிற மூட்டுவலி என்றார்கள். வலி அடங்கினபிறகு வெள்ளறடையில் ஒரு டாக்டர் யூரிக் ஆசிட்டைக் குறைக்க அலோபியூரினால் 100 மில்லிகிராம் எழுதினார். பன்னிரண்டு நாள் ஆகிறது, இப்போது இடது காலும் வீங்கிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ? வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவோ வேலியில் நிற்கிற மேந்தோன்னிக் கிழங்கை அரைத்துக் குடி என்கிறார். முடக்கறுத்தான் தோசை தினமும் ஓடுகிறது. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் இல்லாமல் எனக்கு இறங்காது, அதையும் விடணுமா?

சாய்வு நாற்காலி:
அண்ணே, நீங்களாக நிறுத்தாதீங்க. எனக்கும் இதேதான் நடந்தது. வருஷக்கணக்கில் மூட்டுக்குள் படிந்த யூரிக் ஆசிட் படிகம், ரத்தத்தில் அளவு இறங்கும்போது கரைந்து கலைய ஆரம்பிக்கும், அந்தக் கலைச்சலில்தான் முதல் சில மாதம் வலி வந்து வந்து போகும். அதற்காகவே கூட, அந்த வலியைத் தடுக்கிற கொல்ச்சிசின் மாத்திரையைச் சின்ன அளவில் மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்பார்கள், உங்கள் சீட்டில் அது இல்லையென்றால் போய்க் கேளுங்கள். 100 என்பது தொடக்கம்தான், ரத்தம் பார்த்துப் பார்த்து 6-க்குக் கீழே வரும்வரை கூட்டுவார்கள். நான் 300-இல் நின்றேன், இப்போது இரண்டு வருஷமாக வலி இல்லை. ஒன்று மட்டும்: தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதில் சாக்குச் சொல்லாதீங்க.

மருந்துக்கடை மேசை:
மேந்தோன்னி என்று கேரளப் பக்கம் சொல்வது நம்ம செங்காந்தள், கண்வலிக்கிழங்கு. தாத்தா சொல்வதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. கொல்ச்சிசின் அந்தச் செடியிலும் இருக்கிறது, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதன் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். ஆனால் மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருப்பது, கிழங்கில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? முதலில் வாந்தி பேதி, அப்புறம் சிறுநீரகம், ரத்தம் எல்லாம் படுத்துவிடும், ஆளே போனவர்கள் உண்டு. முறிமருந்தும் கிடையாது. பிள்ளைகள் இருந்தால் வேலியில் இருந்தே எடுத்துவிடுங்கள்.
பிரஷர் மாத்திரை உண்டா? ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்தது யூரிக் ஆசிட்டைக் கூட்டும். நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி முழுங்குவதையும் விடுங்கள், சிறுநீரகம் தாங்காது.

நெத்தோலிப் பிரியன்:
மக்கா, மரச்சீனி பாவம், அதன்மேல் குற்றமில்லை. சாளை, நெத்தோலி, ஈரல் இதுகள்தான் சேட்டை. பருப்பையும் கீரையையும் சிலர் பயந்து விடுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. முடக்கறுத்தான் தோசை ருசிக்குச் சாப்பிடுங்க, நான் ஒரு வருஷம் சாப்பிட்டும் என் நம்பர் அசையவில்லை. எப்படிப் பத்தியம் இருந்தாலும் 9-ஐ 6-க்கு இறக்க அது மட்டும் போதாது. பீரும் பாட்டில் கலர் தண்ணீரும் சாளையைவிட மோசம்.

பனச்சமூட்டுக்காரன்:
பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன பெயர் அதில் இருக்கிறது. நாளைக்கே போகிறேன். தாத்தாவிடம் சொன்னதற்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பீர் சரி, பாறசாலைப் பக்கம் ஷாப்பில் ஒரு கள்ளு?

நெத்தோலிப் பிரியன்:
கள்ளும்தான் மக்கா.