ஸ்கேட்போர்டுச் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்) தொடர்பாக உங்கள் மனத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் நிகழ்வு எது?

இரவுப் பலகை:

என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவர், மழையில் நனைந்த பலகையை அப்படியே சாத்தி வைத்துவிட்டு வெளியூர் போய்த் திரும்பியவர், பின் சக்கரம் ஒன்று கையால் திருப்பினாலும் அசையவில்லை என்று என்னிடம் கொண்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பேரிங்கின் வெளிப்பக்க மூடி புதிது போலப் பளபளத்தது. மூடியைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையத்தை ஊசி முனையால் நெம்பி எடுத்து உள்ளே பார்த்தால், கிரீஸ் முழுவதும் செங்கல் நிறக் கூழாகிக் கிடந்தது. கழுவி, குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூண்டை விலக்கி, குண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி உள் வளையத்தை வெளியே எடுத்தேன். அதன் பள்ளத்தில், குண்டுகள் ஒவ்வொன்றும் அசையாமல் நின்ற இடத்தில், சம இடைவெளியில் ஏழு கருத்த தழும்புகள் பதிந்திருந்தன.

குண்டும் வளையமும் தொடும் அந்த நுண்ணிய இடுக்கில்தான் நீர் தங்கி நிற்கும் என்பது அறிந்த செய்திதான். ஆனாலும் அது இவ்வளவு துல்லியமாகத் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு தழும்பிலும் நகம் இடறியது. துருவை நீக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டிய பிறகும் கரகரப்பு போகவில்லை. பள்ளத்தில் குழி விழுந்துவிட்டால் எந்த எண்ணெயாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்பது என் முடிவு. உங்கள் நிகழ்வுகளையும் எழுதுங்கள்.

கருங்கல் மேடு:

இதே துருதான் என் நிகழ்வும். ஆனால் அது செராமிக் பேரிங். "செராமிக் துருப் பிடிக்காது, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி விற்றதை நம்பி என் தம்பி வாங்கினான். ஈரத்தில் ஓட்டிய பிறகு திறந்தபோது குண்டுகள் தூய்மையாகத்தான் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த இரண்டு வளையங்களும் பழுப்பேறிக் கிடந்தன. பழுப்பேறிய அந்த வளையங்களுக்கு நடுவே குண்டுகள் மட்டும் மாசில்லாமல் மின்னியதை என்னால் மறக்க முடியவில்லை. செராமிக் என்ற பெயரில் ஸ்கேட்போர்டுக்கு விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றில் குண்டுகள் மட்டுமே சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக்; வளையங்கள் வழக்கமான குரோம் எஃகுதான். அந்த எஃகில் குரோமியம் ஏறத்தாழ 1.5 சதவீதம் மட்டுமே உள்ளது. துருவைத் தடுக்க வேண்டுமானால் 10 சதவீதத்திற்கு மேல் வேண்டும். விற்பவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவனுடைய பணம் வீணாகியிருக்காது.

ஏழு குண்டு:

துருவைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்; என்னை உறுத்துவது வேறு. பூங்காவில் சிறுவர்கள் கூடி, பலகையைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தை விரலால் சுழற்றிவிட்டு யாருடையது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று ஒரு பையனின் புதிய சக்கரம் உடனே நின்றுவிட்டது. மற்றவர்கள் "போலி பேரிங்" என்று சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் அவனையும், அதிக நேரம் சுற்றிய சக்கரத்தின் சொந்தக்காரனையும் சரிவின் உச்சியில் நிறுத்தினார். முதலில் இருவரையும் அவரவர் பலகையில் உருளவிட்டார். பிறகு பலகைகளை மாற்றிக்கொண்டு மறுபடி உருளச் சொன்னார். எந்தப் பலகையில் யார் நின்றாலும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய் நின்றார்கள்.

புதிய பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருப்பதால் விரலால் சுழற்றும்போது அது இழுத்துப் பிடிக்கும். உடல் எடை ஏறிய பிறகோ, யூரித்தேன் சக்கரம் தரையில் நசுங்கி உருளும்போது ஏற்படும் தடைக்கு முன்னால் கிரீஸின் இழுவை மிகச் சிறியது. காலியாகச் சுற்றும் சக்கரம் காட்டுவது மசகின் தன்மையைத்தான். பேரிங்கின் தரத்தை அன்று. பெட்டியின் மேல் அச்சிட்ட ஏபெக் எண்ணை, அதாவது பேரிங்கின் துல்லியத் தரவரிசை எண்ணைப் பார்த்து வாங்குவதும் இதே வகைப் பிழைதான். அந்த எண்ணுக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பே இல்லை.

சரிவுப் பாதை:

ஏழு குண்டு அவர்கள் சொன்ன சரிவுச் சோதனையை ஏற்கிறேன். கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. என் நிகழ்வு சிறியது: ஏபெக் 9 என்று அச்சிட்ட பேரிங் ஒன்றைப் பிரித்தபோது, அதன் உள் வளையம் அச்சில் வெளிப்படையாகவே ஆட்டம் கொடுத்தது. அதே அச்சில் எந்த எண்ணும் இல்லாத பழைய பேரிங் கச்சிதமாக அமர்ந்தது. அந்த ஆட்டத்தைக் கட்டைவிரலின் கீழ் உணர்ந்த கணத்திலிருந்து, யார் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள், யார் அதைச் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆனால் இதிலிருந்து ஏபெக் அளவுகோலே பொய் என்ற முடிவுக்கு வரக் கூடாது. 1, 3, 5, 7, 9 என்ற அந்தத் தரவரிசை வளையங்களின் அளவுத் துல்லியத்தையும் சுழற்சித் துல்லியத்தையும் பற்றியது. அதை நேர்மையாகப் பின்பற்றும் தயாரிப்பாளரிடம் அது பொருளுள்ள எண்தான். அது சொல்லாதவை எவை என்பதை அறிந்துகொள்வதே முக்கியம். எஃகின் தரம், குண்டுகளின் மெருகு, கூண்டின் வலிமை, உள்ளே விடப்பட்ட இடைவெளி, மசகு ஆகிய எதையும் அந்த எண் சொல்லாது. ஸ்கேட்போர்டு பேரிங் என்பது 608 அளவு: உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. அந்த உள்துளைக்கு ஏபெக் 1 அனுமதிக்கும் விலகல் 8 மைக்ரோமீட்டர், ஏபெக் 7 அனுமதிப்பது 4 மைக்ரோமீட்டர். சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் நம் டிரக்கின் அச்சு அந்தத் துல்லியத்தில் கடையப்படுவதே இல்லை. ஆகையால் மிச்சமிருக்கும் 4 மைக்ரோமீட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 52 மில்லிமீட்டர் சக்கரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,040 முறை சுற்றுகிறது. 70 மில்லிமீட்டர் சக்கரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மலைச்சரிவில் இறங்குபவருக்குக் கூட அது 7,600ஐத் தாண்டாது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கான சாதாரண 608 பேரிங்கே நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கும். நாம் பேரிங்குக்குக் கொடுக்கும் தொல்லை வேகத்தால் வருவதன்று. அடியாலும் மணலாலும் நீராலும் வருவது. வாங்கும்போது வெளிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா, கூண்டு உறுதியான நைலானா, ஸ்கேட்போர்டுக்கென்றே செய்யப்பட்டதா என்ற கேள்விகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

மரப்பலகை:

"அடியால் வருவது" என்று சரிவுப் பாதை ஒரு சொல்லில் கடந்துவிட்டார். என் நிகழ்வு முழுக்க அதுதான். படிக்கட்டிலிருந்து குதித்து இறங்கிய நண்பன் பலகை குறுக்காகத் திரும்பிய நிலையில் தரையைத் தொட்டான். ஒரு "டக்" ஒலி மட்டும் கேட்டது. அடுத்த கணம், சிமென்ட் தரையில் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள் நான்கு திசையிலும் உருண்டோடின. வெளி வளையம் சக்கரத்துக்குள்ளும், உள் வளையம் அச்சிலும் தனித்தனியாக நின்றன. குண்டுகள் உருண்டு போன ஒலியைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அவன் தலை படியின் விளிம்புக்கு மிக அருகில் விழுந்தது.

அந்தச் சக்கரத்துக்குள் ஸ்பேசர் இல்லை, அச்சில் வாஷரும் இல்லை. பழைய பலகையாக வாங்கியபோதே அப்படித்தான் வந்ததாம். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்தச் சிறு குழாய், பெரும்பாலான சக்கரங்களுக்கு 10 மில்லிமீட்டர் நீளம் உடையது. நட்டை இறுக்கும் விசை ஓர் உள் வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக மற்ற உள் வளையத்துக்குப் போய்ச் சேரும். ஸ்பேசர் இல்லாவிட்டால் உள் வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, குண்டுகள் பள்ளத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறிக்கொள்ளும். அதற்குப் பயந்து நட்டைத் தளர்த்தினால் பேரிங் அச்சில் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டு அடி விழும்போது இரண்டு நிலையுமே ஆபத்து. இங்கே செராமிக் பற்றியும் ஏபெக் பற்றியும் நீளமாக எழுதுகிறார்கள். நாலு ஸ்பேசரும் எட்டு வாஷரும் இருக்கின்றனவா என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பது என் வருத்தம்.

சரிவுப் பாதை:

மரப்பலகை, உங்கள் நண்பர் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். ஸ்பேசர் அவசியம் என்பதில் மாறுபாடு இல்லை. ஆனால் சக்கரத்துக்குள் இரண்டு பேரிங்குகளையும் பிரிக்கும் உள்மேடை சரியாக 10 மில்லிமீட்டர் இல்லாவிட்டால் ஸ்பேசர் பொருந்தாமல் போகும். அதனால்தான் சிலர் அதைத் தூக்கி எறிகிறார்கள். அப்படிப்பட்ட சக்கரத்துக்கு, உள் வளையமே நீண்டு ஸ்பேசராக அமையும் வகைப் பேரிங்கும் தீர்வாகாது. அளவு பொருந்தும் சக்கரத்தைத் தேடுவதே சரி.

நீள்பலகை:

ஒலியைப் பற்றி ஒன்று. என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தவரின் சக்கரம் குருவி கத்துவதைப் போலக் கீச்சிட்டது. அவர் அதைக் கடைசிவரை பொருட்படுத்தவில்லை. கீச்சிட்டால் மசகு வற்றிவிட்டது, கரகரத்தால் மணல் புகுந்துவிட்டது, டக் டக் என்று தட்டினால் கூண்டோ குண்டோ உடைந்துவிட்டது. முதலிரண்டுக்கு மருந்து உண்டு. மூன்றாவதற்குப் புதிய பேரிங்தான்.

எட்டுக்கு எட்டு:

எனக்குப் பெரிய நிகழ்வு எதுவும் இல்லை. என் மாமா மகள் தன் பேரிங்குகளை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தபோது ரப்பர் மூடிகள் ஊதி, அலையலையாக நெளிந்து, தம் பள்ளத்தில் உட்கார மறுத்துவிட்டன. அவள் அவற்றை விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைக் கண்டதிலிருந்து, யாராவது பேரிங் கழுவுகிறேன் என்று சொன்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் முறையை எழுதிவிடுகிறேன்.

நட்டை 13 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றிச் சக்கரத்தை எடுத்த பிறகு, ஒரே ஒரு பேரிங் மட்டும் அச்சின் நுனியில் மாட்டும்படி சக்கரத்தை வைத்து மெல்லச் சாய்த்துத் திருகினால் பேரிங் வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரை மூடியின் மேல் ஊன்றி நெம்பாதீர்கள். மூடி உள்ளே குழிந்தால் கூண்டில் உரசும். ரப்பர் மூடியை உள் விளிம்பில் ஊசி கொடுத்து எடுத்துத் தனியே சோப்பு நீரில் கழுவுங்கள். பேரிங்கை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்குங்கள். 99 சதவீதச் செறிவுள்ளது கிடைத்தால் அதுவே நல்லது; 70 சதவீதத்தில் எஞ்சியிருப்பது நீர், அது துருவுக்கு வழி விடும். பெட்ரோலைப் பயன்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். அதன் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் வேண்டவே வேண்டாம். இரண்டாம் முறை புதிய ஆல்கஹாலில் குலுக்கிய பிறகும் அடியில் கறுப்புப் படிந்தால் மூன்றாம் முறையும் குலுக்குங்கள்.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். துணியில் தட்டி எடுத்து, காற்றோட்டமான இடத்தில், தீயும் பொறியும் இல்லாத இடத்தில் வையுங்கள். காய்ந்தவுடன் மசகிடாமல் ஒரு நாள் கூட விடாதீர்கள்; எண்ணெய்ப் படலம் இல்லாத எஃகு ஈரக் காற்றிலேயே துருப்பிடிக்கும். காயும் முன் பேரிங்கை வேகமாகச் சுழற்றிக் காட்டி மகிழ்வதும் தவறு; மசகில்லாத குண்டு வளையத்தைக் கீறும். ஒரு பேரிங்குக்கு இரண்டு துளி எண்ணெய் போதும். அதிகமாக விட்டால் வெளியே கசிந்து தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். மணல் அதிகமுள்ள இடத்தில் ஓட்டுபவர்கள் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் இடலாம். சற்று இழுத்தாலும் நீண்ட காலம் நிற்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே மசகு அன்று. அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டுத் தானும் சீக்கிரம் வற்றிவிடும்.

பூட்டும்போது மூடியுள்ள பக்கம் வெளியே, திறந்த பக்கம் ஸ்பேசரை நோக்கி உள்ளே இருக்க வேண்டும். முதல் பேரிங்கை அச்சில் மாட்டி, அதன் மேல் சக்கரத்தை நேராக அழுத்தினால் சாயாமல் அமரும்.

இரவுப் பலகை:

எட்டுக்கு எட்டு, முறையாக எழுதியதற்கு நன்றி. கிரீஸ் பற்றி மட்டும் ஒரு மாறுபாடு: நண்பரின் அந்தப் பேரிங்கிலும் கிரீஸ் இருந்தது. ஈரம் புகுந்த பிறகு அதே கிரீஸ் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் நனைந்தால் கிரீஸ் இட்ட பேரிங்கையும் அன்றே திறக்க வேண்டும்.

நண்பர் இப்போது கேட்பது, தழும்பு விழுந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா, பலகையில் உள்ள எட்டு பேரிங்கையும் மாற்ற வேண்டுமா என்பதுதான்.

மரப்பலகை:

எட்டையும் மாற்றத் தேவையில்லை. எல்லாம் 608 அளவுதான். கலந்து போட்டால் சக்கரத்துக்கு ஒன்றும் நேராது. ஆனால் ஒன்று நனைந்திருந்தால் மற்றவையும் நனைந்திருக்கும். மற்ற ஏழையும் திறந்து, நகத்தை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் இடறுபவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றைக் கழுவி எண்ணெய் விடலாம். பூட்டும்போது நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையத்தையும் பார்க்கட்டும். அது தேய்ந்து, நட்டு விரலாலேயே சுழன்று இறங்குகிறது என்றால் நட்டையும் மாற்றிவிட வேண்டும்.