சூடான், சவூதி, ஜப்பான் காவல்துறைச் சான்றிதழ்கள்: கணவரின் விசாவுக்காக மூன்றையும் பெறுவது எப்படி?

கேள்வி: கரையில் காத்திருப்பவள்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவள். என் கணவருக்கும், அவருடைய முதல் திருமணத்தில் பிறந்த மகளுக்கும் துணைவர் விசா கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். மருத்துவப் பரிசோதனை, திருமணப் பதிவு, எங்கள் உறவுக்கான சான்றுகள் எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. காவல்துறைச் சான்றிதழ்களில் மட்டும் சிக்கிக்கொண்டு நிற்கிறோம்.

கணவர் 2016 முதல் 2019 தொடக்கம் வரை சவூதி அரேபியாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்து, ஃபைனல் எக்ஸிட்டில் (வேலையை முடித்து நிரந்தரமாக வெளியேறும் அனுமதியில்) திரும்பினார். அந்த நிறுவனம் இப்போது இல்லை. உடன் வேலை பார்த்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அங்கிருந்து போய்விட்டார்கள். 2019 இறுதியில் ஜப்பானுக்குச் சென்று இருபது மாதங்கள் இருந்தார். கடைசியாக வேலை கிடைத்தது சூடானின் கார்ட்டூம் நகரில். அங்கே ஏறத்தாழ ஆறு மாதம் இருந்துவிட்டு விடுப்பில் வந்தார், மறுபடியும் போய் ஆறு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தார். 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை மூண்டதும், குடியிருந்த வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போர்ட் சூடான் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் ஜெத்தா வழியாக வந்து சேர்ந்தார். வசிப்பு அட்டை, வேலை ஒப்பந்தம் எல்லாம் அந்த வீட்டில்தான் கிடக்கின்றன. கையில் இருப்பது பாஸ்போர்ட் மட்டுமே.

சூடானில் ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்குக் குறைவாகத்தான் இருந்தார் என்பதால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று நினைக்கிறேன். இது சரியா? சவூதியில் யாரைப் பிடித்து வாங்குவது? ஜப்பான் சான்றிதழ் முத்திரையிட்ட உறையில்தான் வரும், அதைத் திறக்கக் கூடாது என்கிறார்கள். திறக்காமல் எப்படி இணையத்தில் பதிவேற்றுவது? ஒரு முகவர், மூன்று நாட்டுச் சான்றிதழ்களையும் இரண்டே மாதத்தில் வாங்கித் தருவதாகவும், பாஸ்போர்ட் நகலும் மொத்தப் பணமும் அனுப்பினால் போதும் என்றும் சொல்கிறார். அவரை நம்பலாமா?

பதில்: பழைய கோப்பு

வணக்கம், சகோதரி. இத்தகைய விண்ணப்பக் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சான்றிதழைத் தேடிப் புறப்படும் முன், பாஸ்போர்ட்டை விரித்து வைத்து நாட்களை எண்ணுங்கள். ஆஸ்திரேலியா கேட்பது, கடந்த பத்து ஆண்டுகளில், பதினாறு வயதுக்குப் பிறகு, ஒரு நாட்டில் மொத்தமாகப் பன்னிரண்டு மாதங்கள் இருந்தாரா என்பதைத்தான். ‘மொத்தமாக’ என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. இடையில் விடுப்பில் வந்துபோனதால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. இரண்டு தடவையும் இருந்த நாட்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் அளவுகோல் வேறு என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கனடாவின் பொது விதி, பதினெட்டு வயதுக்குப் பின் தொடர்ச்சியாக ஆறு மாதம் இருந்த நாடுகளைப் பார்க்கிறது. அமெரிக்கக் குடியேற்ற விசாவில், முன்பு வசித்த நாட்டுக்குப் பன்னிரண்டு மாதக் கணக்கு உண்டு, ஆனால் பத்தாண்டு வரம்பு கிடையாது. பதினாறு வயதுக்குப் பின் எப்போது இருந்திருந்தாலும் கேட்பார்கள். கனடா போன உறவினர் சொன்னதை ஆஸ்திரேலிய விண்ணப்பத்தில் பின்பற்றிச் சிரமப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கும் இதே கணக்குதான். பதினாறு வயது முடிந்த நாளிலிருந்து ஒரே நாட்டில் ஓராண்டு இருந்துவிட்டால், அந்த நாட்டின் சான்றிதழ் அவருக்கும் தேவை. அதாவது, இதுவரை ஊரைவிட்டு எங்கும் போகாத பிள்ளையாக இருந்தாலும், பதினேழாவது பிறந்தநாளோடு அந்தத் தேவை வந்துவிடும்.

சூடான் கணக்கு பன்னிரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சான்றிதழ் கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கும் தெரியும். ஆனால் ‘அங்கே போர் நடக்கிறது’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பினால் அந்த இடம் வெற்றிடமாகவே நிற்கும். அதிகாரி பார்க்க விரும்புவது, நீங்கள் உண்மையிலேயே முயன்றீர்களா என்பதைத்தான். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான சூடான் தூதரகத்துக்குக் கணவரின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அங்கிருந்த காலம், முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சான்றிதழ் தர இயலுமா, இயலாதென்றால் அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டு எழுதுங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சில வாரங்களில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் ஒன்று அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவரின் பொறுப்பு, அவர் சொன்ன பதில் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள். ‘இப்போது எங்களால் தர முடியாது’ என்று தூதரகத்திலிருந்து இரண்டு வரி வந்துவிட்டால், அதுவே ஏறக்குறைய ஒரு சான்றிதழின் வேலையைச் செய்துவிடும்.

இவற்றோடு கணவர் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் இணைக்கலாம். அங்கே எந்தெந்தத் தேதிகளில் இருந்தார், எங்கே வேலை பார்த்தார், எந்த வழியாக வெளியேறினார், வழக்கோ கைதோ எதுவும் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் வரட்டும். பாஸ்போர்ட் முத்திரைகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்குத் தாள், கப்பலில் வந்ததற்கான ஏதேனும் காகிதம், உடன் வேலை பார்த்தவரின் கடிதம் என எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வதும் மேலும் கேட்பதும் அதிகாரியின் முடிவு. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இந்தப் பத்திரத்தில் உள்ள தேதிகளும் படிவம் 80-இல் (விண்ணப்பதாரரின் சொந்த விவரங்களைக் கேட்கும் ஆஸ்திரேலியப் படிவம்) நீங்கள் எழுதிய தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சான்றிதழ் இல்லாததைக் காட்டிலும், தேதிகள் முரண்படுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பதில்: இக்காமா எண் மறக்காதவன்

சவூதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நானும் ஃபைனல் எக்ஸிட்டுக்குப் பிறகுதான் வாங்கினேன். ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் என்னுடைய தவறால் வீணானது.

நாட்டைவிட்டு வந்தபின் வாங்குவதற்குக் கைரேகைதான் அடிப்படை. குடியேற்றத்துக்காகச் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் கடிதத்தோடு சவூதித் தூதரகத்தை அணுக வேண்டும். காவல்துறையில் பத்து விரல் ரேகையும் பதித்த அட்டை, இப்போதைய பாஸ்போர்ட், சவூதி விசா இருந்த பழைய பாஸ்போர்ட், இக்காமா (சவூதி வசிப்பு அட்டை) நகல் ஆகியவற்றை என்னிடம் கேட்டார்கள். மெய்ச்சான்றுகள் (ஆவணம் உண்மையானது என்ற அதிகாரபூர்வ உறுதிகள்) முடிந்ததும், அந்த அட்டையை நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் குற்றவியல் தடயப் பிரிவில் நேரில் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அவருக்குப் பெயர் குறிப்பிட்டு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கணவருக்கு அங்கே இன்னும் ஒரு நண்பர் இருக்கிறார் என்கிறீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள். இக்காமா தொலைந்திருந்தாலும் எண் தெரிந்தால் வேலை நடக்கும். பழைய சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, பணம் அனுப்பிய ரசீது என ஏதாவதொன்றில் அந்தப் பத்து இலக்க எண் இருக்கும்.

என் தவறு கைரேகையில்தான். சிமெண்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்த கைகள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது. காவலர் அவசரத்தில் விரலை உருட்டாமல் அழுத்தி எடுத்தார், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, ரேகை தெளிவில்லை என்று அட்டை திரும்பி வந்தது. இரண்டாம் முறை போவதற்கு முன் பத்து நாட்கள் கனமான வேலை எதுவும் செய்யாமல், தினமும் இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, போகும்போது சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலை உருட்டி எடுக்கும்படி கேட்டேன். மை குறைவாக இருந்தால்தான் கோடுகள் பிரிந்து தெரியும். அதிகமானால் கறுப்புத் திட்டாகிவிடும். முடிந்தால் ஒரே நாளில் இரண்டு அட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெய்ச்சான்றைப் பற்றியும் ஒரு விவரம். சவூதி அரேபியா 2022 டிசம்பர் 7 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்பதற்கான ஒப்பந்தம்) இருக்கிறது. ஆகவே, உடன்படிக்கையிலுள்ள இன்னொரு நாட்டின் ஆவணங்களுக்குப் பழைய நீண்ட மெய்ச்சான்றுச் சங்கிலிக்குப் பதிலாக அப்போஸ்டில் முத்திரை போதுமானதாக இருக்கலாம். கைரேகை அட்டைக்கு இதை ஏற்கிறார்களா என்பதைத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

முகவர் விஷயத்தில் என் பதில்: வேண்டாம். விரல் ரேகை கேட்காமல் பாஸ்போர்ட் நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாட்டுச் சான்றிதழும் தருகிறேன் என்பவர் எதைத் தருவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதில்: பழைய கோப்பு

முகவரைப் பற்றி நண்பர் சொன்னதை நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். சூடானிலிருந்து சான்றிதழ் வராததற்கு யாரும் உங்களைத் தண்டிக்கப்போவதில்லை. போலிச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டால், போலி ஆவணங்களைப் பற்றிய ஆஸ்திரேலிய விசா விதி 4020-இன் கீழ் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு விசா பெற முடியாத தடையும் வரலாம். அந்தத் தடை அவரோடு சேர்ந்து விண்ணப்பித்த குடும்பத்தினரையும் தொடும். முகவர்தான் கொடுத்தார், எனக்குத் தெரியாது என்பது பெரும்பாலும் எடுபடாது.

பதில்: உறையைத் திறந்தவள்

ஜப்பான் சான்றிதழைச் சென்ற முறை எங்கள் குடும்பத்துக்காக வாங்கினேன். மூன்றில் எளிதானது அதுதான். பொறுமை மட்டும் வேண்டும். ஜப்பானியத் தூதரகத்தில் முன்பதிவு செய்துகொண்டு நேரில் போனால், அவர்களே பத்து விரல் ரேகையும் எடுத்து, டோக்கியோவிலுள்ள தேசியக் காவல் முகமைக்கு அனுப்பிவைப்பார்கள். எங்களுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. எதற்காகச் சான்றிதழ் தேவை என்பதைக் காட்டும் கடிதம் அவசியம். ஆகவே குடியேற்றத் துறை ஆவணம் கேட்டு அனுப்பிய கடிதத்தின் அச்சுப்பிரதியைக் கையோடு கொண்டு போங்கள். அங்கு இருந்தபோது பயன்படுத்திய பாஸ்போர்ட்டையும், வசித்த முகவரிகளையும் எடுத்துப் போவது நல்லது.

உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டிய வாயின் மேல் முத்திரை இருக்கும், திறந்தால் செல்லாது என்ற குறிப்பும் இருக்கும். காகிதக் கோப்பாக அனுப்பிய காலத்துக்கு அது பொருந்தும். இணையத்தில் பதிவேற்றுபவர்கள் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. நான் கிழிப்பதற்கு முன் குடியேற்றத் துறைக்கு எழுதிக் கேட்டேன். திறந்து வண்ணத்தில் ஸ்கேன் செய்து பதிவேற்றலாம், மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் முத்திரையைச் சேதப்படுத்தாமல் உறையின் மறுபக்க ஓரத்தைக் கத்தரித்துத் திறந்தேன். உறையின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, அந்தப் பதிலையும் சேர்த்துப் பதிவேற்றினேன். நீங்களும் கேட்காமல் திறந்துவிடாதீர்கள். சான்றிதழிலேயே ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை.

கரையில் காத்திருப்பவள்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எண்ணினோம். முதல் தடவை 2022 பிப்ரவரி 10 முதல் ஆகஸ்ட் 8 வரை, 180 நாட்கள். இரண்டாவது தடவை அக்டோபர் 12 முதல் 2023 ஏப்ரல் 26 வரை, 197 நாட்கள். கூட்டினால் 377. பன்னிரண்டே நாளில் எல்லை தாண்டியிருக்கிறது. தேவையில்லை என்று விட்டிருந்தால் பெரிய தவறாகப் போயிருக்கும். ஜெத்தாவில் இறங்கியபோது போட்ட முத்திரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

மகளுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். அவளுடைய சான்றிதழுக்கு அதற்கு மறுநாளே விண்ணப்பிக்கிறோம். சவூதியிலுள்ள நண்பர் உதவ ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு சந்தேகம்: சவூதியில் கணவரின் பெயரோடு அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. இதனால் தடை வருமா?

பதில்: இக்காமா எண் மறக்காதவன்

எனக்கும் அப்படித்தான் வந்தது. கைரேகை அட்டையில் இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுதி, இக்காமாவில் இருந்த நீளமான பெயரையும் அதனடியில் எழுதச் சொல்லுங்கள். அதிகாரப் பத்திரத்திலும் இரண்டு பெயரையும் குறிப்பிடுங்கள். சான்றிதழ் நீளமான பெயரில் வந்தால், இரண்டும் ஒருவரே என்று தனியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, இக்காமா நகலோடு சேர்த்துப் பதிவேற்றிவிடுங்கள். எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அரபு மூலத்தோடு சான்று பெற்ற மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்ப்பவரிடம் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, பெயரின் எழுத்துகளை அதன்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவிட்டால் மூன்றாவதாக ஒரு பெயர் முளைத்துவிடும்.