செட்டிநாட்டில் ஏன் ஒரே ராத்திரி? ஆய்வுக்கு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை சுற்றுலா மேலாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்தும் ஒருவருக்காக நாங்கள் நான்கு பேர் ஆய்வு செய்யப் போகிறோம். அவர் கேட்பது ஒரே கேள்வி: தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிற வெளிநாட்டுப் பயணிகள் ஏன் இங்கே ஒரு ராத்திரிதான் தங்குகிறார்கள்?

போன வாரம் நேரில் போனோம். பர்மா தேக்குத் தூண்கள், நடுவில் வெயில் விழும் முற்றம். பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையாலேயே தரைக்கல் வார்க்கிறார்கள். அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை. ஒரு நாளில் பார்த்து முடிக்கிற ஊரா இது?

சரி, சிக்கலுக்கு வருகிறேன். கேள்வித்தாளில் 40 கேள்விகள் சேர்ந்துவிட்டன. காலையில் சாப்பிட்டதும் வண்டி ஏறுகிறவர்களிடம் இதை எப்படி நீட்டுவது? நாலைந்து கேள்வியோடு பேட்டி எடுத்தால் போதுமா? பயணத் திட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஏஜெண்டுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடமும் கார் ஓட்டுநர்களிடமும் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? அப்புறம், அறிக்கையில் என்ன வேண்டும் என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடலாமா?

கையில் எட்டு வாரம்தான் இருக்கிறது. இப்படி ஆய்வு செய்தவர்களும் விடுதி நடத்துகிறவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.