நட்டு சுற்றிக்கொண்டே இருந்தால்

"ஆங்கர் போல்ட் பிடிக்கவே மாட்டேங்குது" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, சுவர் எதில் கட்டியது என்பதைத்தான். போல்ட் என்ன பிராண்ட் என்பதெல்லாம் அப்புறம். (ஆங்கர் போல்ட் என்பது கனமான பொருளை மாட்டச் சுவர்த் துளையில் விட்டு முடுக்கும், உள்ளே விரிந்து பிடிக்கும் போல்ட்.)

தங்கையின் அடுக்குமாடி வீட்டில் 25 லிட்டர் கீசர் மாட்ட வந்தவர் முறுக்க முறுக்க நட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. "இன்னும் கொஞ்சம் டைட் வெச்சா பிடிச்சுக்கும் சார்" என்றார். கீழே கொட்டியிருந்த தூளைப் பார்த்தேன். செங்கல் என்றால் சிவப்பாக இருக்கும். இது வெளிறிய சாம்பல் நிறம், தொட்டால் மாவு. ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமென்ட் கல். கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, டேங்கின் எடை வேறு.

முறுக்கும்போது போல்ட்டின் நுனியிலுள்ள கூம்பு இழுபட்டு, சுற்றியுள்ள உலோகக் கூட்டை (ஸ்லீவ்) விரிக்கும். விரிந்த ஸ்லீவ் துளையின் பக்கங்களை நெட்டித் தள்ளும். அந்த அழுத்தமும் உராய்வும்தான் பிடி. கான்கிரீட் எதிர்த்து நிற்கும். ஏஏசி பிளாக்கிலோ பாதிக்கு மேல் காற்று. நெட்டினால் நொறுங்கிக் குழி பெரிதாகும். டைட் வைக்க வைக்க இன்னும் மோசம். உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக்கில் வேறு கூத்து, ஸ்லீவ் போய் வெற்றிடத்தில் விரியும்.

கடைசியில் சுவரை ஊடுருவித் துளைத்து, நீள போல்ட் விட்டு, மறுபக்கம் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினோம். மறுபக்கம் போக வழியில்லை என்றால் கெமிக்கல் ஆங்கர்தான், அதாவது துளையில் பசையை நிரப்பிக் கம்பியைப் பதிப்பது. ஹாலோ பிளாக்குக்கு அதோடு சல்லடைக் குழாயும் வேண்டும், இல்லாவிட்டால் பசை முழுக்க உள்ளே வழிந்துவிடும்.

படம், கர்ட்டன் ராடுக்கு இவ்வளவு வேண்டாம், நைலான் பிளக் போதும். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் கொண்டுவந்த சங்கதி அது.

கான்கிரீட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நுனியில் மட்டும் சின்ன வளையம் விரியும் வெட்ஜ் வகைக்கு 10 எம்எம் போல்ட் என்றால் 10 எம்எம் பிட். தடித்த கூடு உள்ள வகைக்குக் கூட்டின் அளவுக்குத் துளை போட வேண்டும். பூச்சின் கனத்தை ஆழக் கணக்கில் சேர்க்கக் கூடாது. துளைத் தூளை ஊதி எடுக்க வேண்டும், வாயால் அல்ல, பம்ப்பால்; கண் உங்களுடையது.

எங்கள் தெருவில் ஒரு கேட்டுக்குத் தூணின் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலத்தில் ஆங்கர் அடித்தார்கள். முடுக்கும்போதே முனை சில்லாகப் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. பிறகு கேட்டைத் தாங்கும் பட்டையை நீளமாக வெல்டிங் செய்து, போல்ட்டுகளைத் தூணின் நடுவுக்கு நகர்த்தினார்கள்.