விஸ்வா நடவடிக்கை பற்றி முனைவர் ஆய்வு: எந்த ஆவணக்காப்பகத்தில் தொடங்குவது?

கேள்வி: 1947-ல் உக்ரேனியர்களையும் லெம்கோக்களையும் (கார்பாத்தியன் மலைப்பகுதியின் கிழக்கு ஸ்லாவிய மக்கள்) போலந்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கு இடம்பெயர்த்ததுதான் தலைப்பு. போலிஷ் ஓரளவு வாசிப்பேன். முதலில் எங்கே போகலாம்?

பதில் 1: வார்சாவின் புதிய ஆவணங்கள் காப்பகம். மீட்கப்பட்ட நிலங்கள் (போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த பகுதிகள்) அமைச்சகத்தின் கோப்புகள் அங்கேதான். 1945 முதல் 1949 வரை போலந்து கம்யூனிஸ்ட் தலைவர் கொமுல்கா பார்த்த துறை. ரகசியப் போலீஸ் தாள்களுக்கு தேசிய நினைவு நிறுவனம். ஆய்வாளர் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்கணும், அதனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே அனுப்பிடுங்க.

பதில் 2: போலீஸ் தாளை அப்படியே நம்பாதீங்க. 'கும்பல்' என்ற சொல்லில் ஆயுதக்குழுவும் வரும், சோறு போட்ட கிராமத்தானும் வருவான். ஆளை எண்ணும்போது இங்கேதான் சறுக்கும். இடம்பெயர்ந்தோர் ஏறக்குறைய 1,40,000 பேர். அவர்களைச் சிதறடித்துக் குடியேற்றியதால் ஒரே ஊர்க்காரர்கள் பல மாவட்டக் கோப்புகளில் கிடப்பார்கள்.

பதில் 3: ஊர்ப்பெயருக்குத் தனி அட்டவணை போடுங்க. ஜெர்மன் பெயரில் ஆலன்ஸ்டைன்தான் போலிஷில் ஓல்ஷ்டின். உக்ரேனிய மொழியும் கட்டாயம் படிங்க. அரசுத்தாள் மட்டும் வைத்து எழுதினால் அதிகாரியின் குரல்தான் கேட்கும்.